‘ம்’ என்பதற்கு மேல் பேசாத கணவர்

கேள்வி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2007-இல் பெயர் மாறினாலும் நம்மில் பலருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 52 வயது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். பள்ளிக் கேண்டீனில் வேலை. கணவருக்கு 58. செம்பனை ஆலையில் 31 வருடமாக பாய்லர் பகுதியில் வேலை, 12 மணி நேர ஷிப்ட். குடி கிடையாது, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார். காலையில் நான் எழுவதற்குள் தண்ணீர் காய்ச்சி என் ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்திருப்பார். பேச்சு மட்டும் இல்லை. அடுப்படியிலிருந்து எதைச் சொன்னாலும் ‘ம்’. டிவி சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கும்; நான் சொல்வது மட்டும் அவர் காதில் விழாது. பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வந்தபோது ‘காதல் மொழி’ என்று கைப்பேசியில் ஒரு டெஸ்ட் வைத்தாள். எனக்குப் ‘பாராட்டு வார்த்தைகள்’ என்று வந்தது. அவர் ‘இதெல்லாம் எதுக்கு’ என்று எழுந்து போய்விட்டார். ‘உங்க ரெண்டு பேருக்கும் ஒத்தே வராதும்மா, உங்க சந்தோஷத்த நீங்க பாருங்க’ என்கிறாள் மகள். அதிலிருந்து கைப்பேசியைத் திறந்தாலே அதே மாதிரி வீடியோக்கள்தான். தினமும் படுக்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. போன வாரம் ஒரு ராத்திரி, அவர் வேலை முடிந்து வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘நீங்க எப்பவாச்சும் என்னப் பத்தி நெனச்சதுண்டா?’ என்று கேட்டேவிட்டேன். திரும்பாமலேயே ‘ம்’ என்றார். 27 வருட வாழ்க்கை வீணாகிவிட்டதா?”

குடும்பநல ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, ‘டிவி சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கும்’ என்பது. 31 வருடம் பாய்லர் பக்கத்தில் நின்ற மனிதர். டிவியை அலற வைக்கிறார். அடுப்படியிலிருந்து கேட்கும் குரலுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக ‘ம்’ சொல்கிறார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கடிதத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. ஆனாலும் இதைச் சோதித்துப் பார்க்காமல் உங்கள் திருமணத்தைப் பற்றி மகளோ நானோ ஒரு தீர்ப்பும் சொல்லக்கூடாது.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு வலியில்லாமல், பல வருடங்களில் மெல்ல வரும். உட்காதில் உள்ள நுண்மயிர் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும்; செத்தவை மறுபடி முளைக்காது. முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த ஓசைகள். அதிலும் 4000-ஐ ஒட்டித்தான் செவித்திறனில் பள்ளம் விழும். பேச்சில் உயிரோசைகள் தாழ்வானவை, அவை தப்பித்துவிடும். ச, த, க, ப போன்ற மெய்யோசைகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேல் ஓசைகளில் இருக்கிறது. நீங்கள் ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் ‘காடு’ என்றாலும் அவருக்கு ‘கா… உ’ என்றுதான் விழும். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது. என்ன பேசினீர்கள் என்பது கேட்கவில்லை. இரண்டு முறை ‘என்ன?’ என்று கேட்டு, மூன்றாவது முறை ‘காது என்ன செவிடா?’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பிறகு கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். ‘ம்’ சொல்லிவிட்டால் ஆபத்தில்லை. ஆண்கள் இதை வெட்கத்தில் வருடக்கணக்கில் மறைப்பார்கள். மனைவிக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இரைச்சலில் ஒரு முழு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தால், அடுத்த சில மணி நேரத்துக்குக் காது வழக்கத்தைவிட மந்தமாக இருக்கும். உள்ளே ‘ங்ஙொய்’ என்று இரைச்சலும் இருக்கலாம். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டது வேலை முடிந்து வந்த ராத்திரியில், டிவி ஓடும்போது, அவருடைய பக்கவாட்டு முகத்தைப் பார்த்து. 27 வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி, அன்றைய நாளிலேயே அவர் காது மிகவும் தளர்ந்திருந்த நேரத்தில் போய் விழுந்திருக்கிறது. அந்த ‘ம்’ என்ன ‘ம்’ என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை அவருடைய பதிலாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு முதற்சோதனை செய்யலாம். அவருக்கு லீவு உள்ள நாளில், காலையில், டிவியும் காற்றாடியும் நின்றிருக்கும்போது செய்யுங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் ஒரு கை நீளத்தில், சுமார் 60 சென்டிமீட்டரில் நில்லுங்கள். உங்கள் உதடு அவருக்குத் தெரியக்கூடாது. சோதிக்காத காதின் முன்மடலை (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை) அவரே விரலால் அழுத்தி லேசாகத் தேய்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, ‘நாலு, க, ரெண்டு’ என்பது போல எண்ணும் எழுத்தும் கலந்து மூன்றைக் கிசுகிசுக்க வேண்டும். மூச்சை விடாமல் கிசுகிசுத்தால் குரல் பலமாகிச் சோதனை பொய்யாகிவிடும். மூன்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னால் அந்தக் காது தேர்ச்சி. தவறினால் வேறு மூன்றைச் சொல்லுங்கள். மொத்தம் ஆறில் மூன்றுகூடச் சரியாக வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த காதுக்கு வேறு எண்கள். இதில் தேறிவிட்டாலும், மேல் ஓசைகள் மட்டும் போயிருந்தால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாமல் போகலாம். அவருடைய வேலையைப் பார்த்தால், எப்படியும் ஒரு முறை ஆடியோகிராம் (ஒவ்வொரு ஓசையும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவிச் சோதனை வரைபடம்) எடுத்துவிடுவதே நல்லது.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி முதலில் டாக்டரைப் பாருங்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் காது மூக்குத் தொண்டைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். உங்கள் பக்கத்துக்குச் சுங்கை பூலோ வசதி. ஆடியோகிராமுக்கு முந்தைய 14 மணி நேரம் அவர் இரைச்சலில் இருக்கக்கூடாது. அதனால் ஷிப்ட் முடித்த கையோடு போகாதீர்கள். ஆலையிலும் ஒன்று கேட்க வேண்டும். வேலையிட இரைச்சல் பற்றி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள விதிமுறைகளின்படி, நாள் சராசரி 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி வருடந்தோறும் செவிச் சோதனை நடத்த வேண்டும். அவருக்கு நடந்ததா, முடிவுத் தாள் எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். வேலையால் காது போயிருந்தால் அது தொழில் நோய். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம். 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேலையில் இருக்கும்போதே எடுத்த சோதனை உறுதியான ஆதாரம்.

இதற்கிடையில் இன்றிலிருந்தே ஒரு மாற்றம் செய்யுங்கள். அடுப்படியிலிருந்து பேசுவதை விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரும் தாளிக்கும் சத்தமும் சேர்ந்தால் நல்ல காதுக்கே கஷ்டம். அருகில் போய், தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகு, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் உயிரோசைதான் பெருகும், மெய்யோசை தெளியாது. உங்கள் முகமும் கோப முகமாகிவிடும்.

சரி, காதைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அவருக்கு நன்றாகக் கேட்டிருந்த வருடங்களிலும் அவர் பாராட்டிப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதற்கு நாம் வந்த வழி ஒரு காரணம். லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். விடியும் முன்னே பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓட வேண்டும். கணவனும் மனைவியும் தனியாகப் பேச இடமும் இல்லை, நேரமும் இல்லை. ‘உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு’ என்று பிள்ளை வழியாகப் பேசிப் பழகிய தலைமுறை அது. பெண்டாட்டியை நாலு பேர் காதில் விழப் புகழ்ந்தால் கேலிதான் மிஞ்சும். அந்த வாயடக்கம் அங்கே மானத்தைக் காப்பாற்றியது. தாமான் வீட்டில் தனி அறை வந்துவிட்டது, பிள்ளைகளும் வெளியே போய்விட்டார்கள். நாக்குக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய பழக்கமே இருக்கிறது.

அதற்காக ‘ஃபிளாஸ்கில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாரே, அதுதான் அன்பு, அத்தோடு திருப்திப்படுங்கள்’ என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தண்ணீர் பெரிய விஷயம்தான். வார்த்தை வேண்டும் என்ற உங்கள் ஆசையும் நியாயம்தான். ஒன்றைக் காட்டி மற்றதை அடக்க வேண்டியதில்லை. மகள் வைத்த டெஸ்ட் தப்பாகிப்போவதும் இங்கேதான். ஒவ்வொருவருக்கும் ஒரு முதன்மைக் ‘காதல் மொழி’ உண்டு, மொத்தம் ஐந்து மொழிகள், துணை அதே மொழியில் பேசினால்தான் இல்லறம் நிறையும் என்பது 1992-இல் அமெரிக்கப் போதகர் ஒருவர் தம்மிடம் ஆலோசனைக்கு வந்த தம்பதிகளைப் பார்த்து எழுதிய யோசனை. கனடாவின் உறவு ஆய்வாளர்கள் எமிலி இம்பெட்டும் அவர் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2024-இல் எழுதினார்கள்: இந்த மூன்று கூற்றுகளில் எதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போதுதான் ஒரு ‘மொழி’ முன்னால் வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மனிதர்கள் ஐந்துமே வேண்டும் என்கிறார்கள். அன்பைச் சத்துணவு போலப் பாருங்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. நம் பாஷையில் சொன்னால், இலையில் சோறு இருக்கிறது, கீரை இல்லை. கீரை வேண்டும் என்று கேட்க வேண்டும். இலையை மூடிவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை.

ராத்திரியில் நீங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்வேன். மனத்தைத் தினமும் தோண்டி எடுத்து வேர் பிடித்ததா என்று பார்த்தால் எந்தச் செடியும் வாடும். ஐரிஸ் மாஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று வற்புறுத்தும் கட்டுரையை முதலில் படிக்க வைத்துவிட்டு, பெண்களுக்கு ஒரு மகிழ்ச்சியான படக்காட்சியைக் காட்டினார்கள். கட்டுரையைப் படித்தவர்கள் அந்தக் காட்சியில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். ‘இந்நேரம் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமே’ என்ற ஏமாற்றம்தான் காரணம். உங்கள் கைப்பேசி அந்தக் கட்டுரையை உங்களுக்கு நாளுக்கு இருபது தடவை படித்துக்காட்டுகிறது. எந்த வீடியோவில் நீங்கள் அதிக நேரம் நிற்கிறீர்களோ அந்த வகையையே அது மேலும் மேலும் கொண்டுவரும். உங்கள் திருமணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படி ஒன்று வந்தால் பார்க்காமல் தள்ளிவிடுவது போதாது. அழுத்திப் பிடித்து, ஆர்வமில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்ச நாள் விடாமல் செய்தால் வரத்துக் குறையும்.

இதே ஆய்வு வரிசையில் 2015-இல் வந்த இன்னொன்று நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். மகிழ்ச்சியைத் தேடி ஓடுவது அமெரிக்காவில் மனநலம் குறைவதோடு சேர்ந்து காணப்பட்டது. ரஷ்யாவிலும் கிழக்காசியாவிலும் அப்படி இல்லை; அங்கே தேடியவர்கள் கூடுதல் நலமாக இருந்தார்கள். அங்கே மகிழ்ச்சி என்றால் மற்றவர்களோடு சேர்ந்து இருப்பது என்று பொருள் கொள்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. ‘உங்க சந்தோஷத்த நீங்க பாருங்க’ என்று மகள் சொன்னதை அந்த வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தனியாகப் படுத்து மனதுக்கு மார்க் போடாதீர்கள். வாரத்தில் இரண்டு வேளையை மனிதர்களோடு கழிக்கத் திட்டம் போடுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்ட ஆள் தேவைப்படும். கேண்டீனில் கூட வேலை செய்பவரோடு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போகலாம். எது என்பதைவிட, நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்திருப்பது முக்கியம். ‘மனசு வந்தா போகலாம்’ என்று வைத்தால் மனசு வராது.

இனி, கணவரிடம் பேசுவது. காது சோதனை முடிந்த பிறகு வரும் ஒரு லீவு நாள் காலை, பசியாறிய பின், 20 நிமிடம். வேலை முடிந்து வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேண்டாம்.

எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. ஜான் காட்மனும் சிபில் கரேரும் 124 புதுமணத் தம்பதிகளின் 15 நிமிட வாக்குவாதங்களைப் பதிவுசெய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்தே அடுத்த ஆறு வருடங்களில் பிரிந்தவர்களையும் சேர்ந்திருந்தவர்களையும் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடிந்தது. அவர்கள் இளம் அமெரிக்கர்கள், நீங்கள் வேறு. ஆனால் காரமாகத் தொடங்கிய பேச்சு காரமாகவே முடியும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

‘நீங்க எப்பவாச்சும் என்னப் பத்தி நெனச்சதுண்டா?’ என்பது கேள்வி மாதிரி இருக்கும் குற்றச்சாட்டு. அதற்கு ‘ஆமாம்’ என்றாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. அதையே மூன்று துண்டாக்குங்கள்: என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும். இப்படி:

“ஏங்க, தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன், எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. நான் செஞ்சது பிடிச்சா ‘நல்லா இருக்கு’ன்னு வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது வேணும்.”

இதில் ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்கள் இல்லை. டெஸ்டும் மகளும் இல்லை. அவர் செய்ய முடிகிற அளவுக்குச் சின்ன வேலை. முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அமைதி வரும், அதை நீங்கள் நிரப்பாதீர்கள்.

அவர் ‘இத்தன வருஷம் கழிச்சு இது என்ன புதுசா?’ என்று சிரித்தால், ‘புதுசுதான். எனக்கு வேணும்’ என்று மட்டும் சொல்லுங்கள். கோபம் வந்து குரல் உயர்ந்தால், அல்லது உங்களுக்கே நெஞ்சு படபடத்தால், தொடராதீர்கள். நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் யாருக்கும் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிதானம் இருக்காது. ‘கொஞ்ச நேரம் கழிச்சு பேசுவோம்’ என்று சொல்லி, திரும்பப் பேசும் நேரத்தையும் சொல்லிவிட்டு எழுங்கள். குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் மனதுக்குள் வாதத்தைத் தொடராமல், துணி மடிப்பது போல ஏதாவது செய்யுங்கள். நேரம் சொல்லாமல் எழுந்து போனால் அது முறைத்துக்கொண்டு போனதாகிவிடும்.

முதல் ‘நல்லா இருக்கு’ இயந்திரம் போலத்தான் வரும். ‘நான் சொல்லி நீங்க சொல்றது ஒரு பாராட்டா?’ என்று அங்கே கெடுத்துவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 58 வயதில் ஒரு மனிதர் புது வார்த்தை பழகுகிறார். நீங்களும் அந்த ஃபிளாஸ்குக்கு ஒருநாள் வாய் திறந்து நன்றி சொன்னீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால், சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்த்து.

இவ்வளவும் செய்து, காதும் கேட்கும் நிலையில், மூன்று மாதம் தெளிவாகக் கேட்ட பிறகும் அவர் ஏளனம் செய்கிறார், உங்களை மட்டம் தட்டுகிறார் என்றால் அது வேறு நிலை. அப்போது பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரை இருவருமாகப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். சகித்துக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கை நீட்டல், மிரட்டல், பணத்தைப் பிடுங்குதல் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கடிதத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்பதையும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் முதலில் கூப்பிட வேண்டியது 15999, தாலியான் காசே உதவித் தொலைபேசி.

உங்கள் உடம்பையும் மறக்காதீர்கள். 52 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். தைராய்டு குறைந்தாலும் எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், கணவரைக் காதுக்குக் கூட்டிப்போகும் அதே நாளில் நீங்களும் நம்பர் எடுங்கள். மனநிலைக் கேள்வித்தாள் கிளினிக்கிலேயே இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555.

மகளுக்கு ஒரு பதில் போக வேண்டும். அக்கறையில்தான் சொன்னாள். ஆனால் அம்மா அப்பாவுக்கு நடுவில் நீதிபதியாக உட்கார வைத்தால் அவளுக்கும் அது பாரம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இப்படி அனுப்பலாம்: “நீ கவலப்படுறது புரியுதும்மா. எனக்கும் அப்பாவுக்கும் உள்ளத நாங்க பேசிக்கிறோம். அப்பாவுக்குக் காது டெஸ்ட் பண்ணணும்னு நெனக்கிறேன், நீ ஒருநாள் லீவு போட்டு கார்ல கூட்டிட்டுப் போவியா?” மகள் சொன்னால் சில அப்பாக்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆடியோகிராம் தாள் கைக்கு வந்ததும் அதில் 4000 என்ற எண்ணுக்கு நேராகப் பாருங்கள். வலது காதின் புள்ளியும் இடது காதின் புள்ளியும் எந்த எண்ணில் நிற்கின்றன என்று எழுதி அனுப்புங்கள். புள்ளி 25 டெசிபல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் (அதாவது எண் 25-ஐத் தாண்டியிருந்தால்), அவரிடம் எப்படி, எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதை அந்தத் தாளை வைத்தே அடுத்த பதிலில் சொல்கிறேன்.